25,000 ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டர்: அந்த ‘ஐ7’-ஐ வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். தம்பி கல்லூரி முதலாம் ஆண்டு. படிப்புக்கும் வேண்டும், கேமும் விளையாட வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கிறான். வாலரன்ட், ஜிடிஏ 5 இரண்டும் ஓடினால் போதுமாம். போனஸில் 25,000 ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் ஒரு ரூபாய் முடியாது. கோவையில் ஒருவர் ஆன்லைனில் விளம்பரம் போட்டிருக்கிறார்: ‘ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 128 ஜிபி எஸ்எஸ்டி, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11, ஆர்ஜிபி கேபினெட், 19 இன்ச் மானிட்டர் இலவசம். விலை 24,000.’ அவர் அனுப்பிய படங்களை இணைத்திருக்கிறேன். ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் போட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைப்பாராம். தம்பி தினமும் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வாங்கலாமா?

பதில்:

சகோதரி, முதலில் அந்த ஆயிரத்தை அனுப்பாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பொருளைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் போட்டுவிட்டு, அப்புறம் போன் எடுக்கவில்லை என்று புலம்பி வந்தவர்கள் என் கடைக்கே எத்தனையோ பேர். “கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள், உங்கள் அட்வான்ஸ் திரும்பி வந்துவிடும்” என்பது இதே வேலையின் அடுத்த கட்டம். பணம் வாங்குவதற்கு யாரும் யுபிஐ பின் போட வேண்டியதில்லை. பின் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்றுதான் அர்த்தம்.

இனி அந்த மெஷின். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில், திரையில் சிஸ்டம் விவரம் திறந்திருக்கிறது: ஐ7-3770. ஐ7 என்ற வார்த்தையை மட்டும் விளம்பரத்தில் போட்டுவிட்டு, பின்னால் வரும் எண்ணை விட்டதற்குக் காரணம் இதுதான். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. அந்தக் காலத்தில் அது ராஜா, மறுக்கவில்லை. ஆனால் 2020-இல் வந்த சாதாரண ஐ3-10100-க்கும் அதே நான்கு கோர் (பிராசசருக்குள் இருக்கும் தனித்தனி மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் அவை ஓட்டும் வேலைகள்) மட்டும்தான். வேகத்தில் அந்த ஐ3 இதைத் தாண்டிப் போய்விடும். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருடத்துக்குள் யார் பெரியவர் என்று சொல்வது மட்டும்தான். வருடத்தைச் சொல்வது பின்னால் இருக்கும் எண். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை, ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு. தம்பிக்கு இதை மட்டும் சொல்லிவிடுங்கள், பாதி விளம்பரங்களை அவனே ஒதுக்கிவிடுவான்.

பழசாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கேம் ஓடினால் சரி என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் உங்கள் தம்பிக்கு வேண்டிய கேம் எது? வாலரன்ட். அதன் கூடவே வேன்கார்டு என்று ஒரு காவல் மென்பொருள் வரும், ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிப்பதற்கு. விண்டோஸ் 11-இல் ஓடும்போது டிபிஎம் 2.0 (ரகசிய விவரங்களைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி) இரண்டும் இயங்க வேண்டும் என்று அது கேட்கும். இந்த 2012 காலத்து மதர்போர்டுகளில் டிபிஎம் 2.0 கிடையாது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்வதும் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள். டெஸ்க்டாப் அழகாக வரும், யூடியூப் ஓடும். தம்பி வாலரன்ட்டைத் தட்டினால் ‘வேன் 9001’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். சரி, விண்டோஸ் 10-க்கே திரும்பலாமே என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது காசு கொடுத்து வாங்கும் மெஷினை அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

என்னை உண்மையில் பயமுறுத்தியது நான்காவது படம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து எடுத்திருக்கிறார், லைட் எரிவதைக் காட்டுவதற்கு. மூலையில் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியின் ஸ்டிக்கர் தெரிகிறது. பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். கீழே சின்னக் கட்டத்தில் +12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட்ஸ். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். மேலே 450 என்று அச்சடித்திருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. விளம்பரத்தில் சொல்லும் 8 ஜிபி கார்டு, படத்தில் பார்த்தால் ஆர்எக்ஸ் 580. அது மட்டுமே 185 வாட்ஸ் வரை இழுக்கும். ஐ7-3770-க்கு 77. கூட்டிப் பாருங்கள், 262 ஆகிறது. 192 கொடுக்கக்கூடிய பெட்டியிடம் 262 கேட்கிறோம். அந்த 192-ஐயும் அது முழுதாகக் கொடுக்குமா என்பது வேறு விஷயம். விலை குறைந்த லோக்கல் எஸ்எம்பிஎஸ்களில் ஸ்டிக்கர் அடிப்பவர்தான் தாராளமான ஆள்.

சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போது எதுவும் தெரியாது. கேம் சூடு பிடிக்கும் நேரத்தில் டப்பென்று அணையும். அதோடு போனால் அதிர்ஷ்டம். போகும்போது போர்டையோ கார்டையோ கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. கேமிங் மெஷின் ஒன்றைப் பார்க்கப் போனால் நான் முதலில் குனிந்து பார்ப்பது இந்த ஸ்டிக்கரைத்தான்.

அந்த ஆர்எக்ஸ் 580 பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் வந்த நல்ல கார்டு. ஆனால் சீனச் சந்தைக்காக 2018-இல் ‘580 2048எஸ்பி’ என்று ஒன்று வந்தது. பெயர் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570. அசலுக்கு ஷேடர் (படத்தை வரையும் சின்னக் கணக்குப் பிரிவுகள்) எண்ணிக்கை 2304, இதற்கு 2048. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அந்த எண் தெரிந்துவிடும். 570 ஒன்றும் மோசமில்லை, 580 விலையைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த ரகக் கார்டுகள் நிறைய மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காக இரவு பகலாகக் கணக்குப் போடும் வேலையில் ஓடியவை. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, அதற்குக் கார்டுகள் தேவையில்லாமல் போனதும் மைனிங் செய்தவர்கள் மூட்டை மூட்டையாக விற்றார்கள். மைனிங் கார்டு என்றாலே ஓட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஃபேனை மாற்றி, சூட்டைக் கடத்தும் பேஸ்டும் தெர்மல் பேடும் புதிதாக வைத்து நான் கொடுத்தவை இன்றும் ஓடுகின்றன. ஆனால் அதைச் செய்து கொடுத்தது யார் என்று தெரிய வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிடிஏ 5-க்கு மட்டுமே நூறு ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், அந்த 128 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் அதுவும் சேர்ந்து உட்கார முடியாது. மானிட்டர் இலவசம் என்கிறாரே, அது விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் உள்ள மானிட்டர் போலத் தெரிகிறது. ஆர்எக்ஸ் 580-இல் விஜிஏ சொருகும் இடமே கிடையாது. கேபினெட் லைட்டுக்குத் தனியாக விலை போட்டிருப்பார், அதை நாம் பேசவே வேண்டாம்.

ஆகவே இதை விட்டுவிடுங்கள். தம்பிக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் அதே பணத்தில் அவன் கேட்ட இரண்டு கேமும் ஓடுகிற மெஷினை எடுக்கலாம், பார்க்க மட்டும் அழகாக இருக்காது.

ஐடி கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகள் கோவையிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் நிறைய வருகின்றன. டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி. கறுப்புப் பெட்டி, ஒரு லைட்டும் இருக்காது. அதில் எட்டாம் தலைமுறை ஐ5, அதாவது 8400 அல்லது 8500 உள்ளதாகக் கேளுங்கள். ஆறு கோர், விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டு, டிபிஎம் 2.0 போர்டிலேயே இருக்கும். பெரும்பாலும் அசல் விண்டோஸ் உரிமமும் போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளிலேயே கூட வரும். அந்தப் பெட்டிகளில் இருக்கும் பவர் சப்ளையைப் பார்த்து “இவ்வளவு கம்மி வாட்ஸா?” என்று தம்பி முகம் சுளிப்பான். 250, 260 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் எழுதியிருப்பதைக் கொடுக்கும்.

ஒரே ஒரு கண்டிப்பு: உயரமான டவர் பெட்டியாக வாங்குங்கள். ஒல்லிப் பெட்டி ஐநூறு, ஆயிரம் குறைவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குள் பாதி உயரக் கார்டுதான் நுழையும். அந்தக் கார்டைத் தேடி அலைவதற்குள் மிச்சம் பிடித்த ஆயிரம் போய்விடும்.

அந்த டவரில் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி கார்டு ஒன்றைப் போடுங்கள். 2019 கார்டு. இதிலேயே தனி பவர் வயர் கேட்காத மாடல்கள் உண்டு, 75 வாட்ஸுக்குள் முடித்துக்கொண்டு போர்டின் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஆறு பின் சொருகும் இடம் இருந்தால் அது வேறு மாடல், வேண்டாம். ஐ5-க்கு 65, கார்டுக்கு 75, ஆக 140. டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் அந்த 260-க்குள் தாராளமாக அடங்கும். ஃபுல் எச்டி (1080) திரையில் வாலரன்ட் வழுக்கிக்கொண்டு போகும். ஜிடிஏ 5-உம் செட்டிங்கைப் பார்த்து வைத்தால் நன்றாக ஓடும். ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடும் வசதி) இல்லாமல் திறக்கவே திறக்காத புதிய கேம்கள் சில வந்துவிட்டன. அவை இதில் ஓடாது, அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு இன்னும் மலிவாயிற்றே என்று கடைக்காரர் இழுப்பார். அது 2016 வரிசை. அந்த வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுப்பதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். போதாக்குறைக்கு, பழைய ஜிடிஎஸ் 450 கார்டுக்குப் பெயர் மாற்றி 1050 டிஐ என்று விற்ற போலிகள் அதில் ஏராளம். ஜிபியு-இசட் அவற்றைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று போட்டுக் காட்டும்.

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் இதை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் நான் பார்க்கும் கணக்கில் 16 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள அப்படிப்பட்ட டவர் பதினான்கு, பதினைந்து ஆயிரம். கார்டு ஆறரையிலிருந்து எட்டுக்குள். மிச்சத்தில் கீபோர்டும் மவுஸும். மானிட்டருக்குப் பணம் இருக்காது. வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள டிவி இருந்தால் ஆறு மாதம் அதிலேயே ஓட்டட்டும், கேம் மோடு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கு சீரியல் பார்க்கும் நேரம் எது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுவது நல்லது. ராமை மட்டும் “எட்டு இருக்கட்டும், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்” என்று விடாதீர்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, மெஷினோடு சேர்ந்து வருவதுதான் லாபம். இரண்டு எட்டு ஜிபி குச்சிகளாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி வாங்கும் நாள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதையோடு சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக செகண்ட் ஹேண்ட் கார்டு ஒன்று வாங்கப் போனேன். ஏசி போட்ட கடை. கார்டைப் போட்டு, கேமைத் திறந்து, பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். பிரமாதம். பணம் கொடுத்து வாங்கி வந்தேன். வாடிக்கையாளர் வீட்டில், மே மாதம், ஃபேன் மட்டும் உள்ள அறையில், இருபத்திரண்டாவது நிமிடம் திரையில் பச்சைப் புள்ளிகள், அப்புறம் இருட்டு. கழற்றிப் பார்த்தால் சிப்பைச் சுற்றி, சால்டரிங்குக்குப் போடும் ஃப்ளக்ஸின் பிசுக்கு, போர்டு லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. செத்த கார்டை ஹீட் கன்னால் சூடாக்கி எழுப்பியிருக்கிறார்கள். இப்படி எழுப்பியவை சில வாரம் ஓடும், சில நாள் ஓடும், எனக்கு வாய்த்தது அரை மணி நேரம்கூட ஓடவில்லை. கடைக்காரர் “செக் பண்ணித்தானே எடுத்தீங்க” என்றார். பணம் என் கையிலிருந்து போனது.

அன்றிலிருந்து அரை மணி நேரத்துக்குக் குறைந்து நான் எதையும் பார்ப்பதில்லை. தம்பி தன் பென் டிரைவில் சிபியு-இசட், ஜிபியு-இசட், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, எச்டபிள்யூஇன்ஃபோ, ஃபர்மார்க் ஐந்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும், எல்லாம் இலவசம். முதல் இரண்டில் பிராசசர், கார்டு பெயர்கள் சரியா என்று பார்க்க வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டிக்கு நேரே நீலத்தில் ‘குட்’ என்று இருக்க வேண்டும், மஞ்சள் என்றால் விலையில் டிஸ்க் காசைக் கழிக்கச் சொல்லலாம். அப்புறம் எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தைத் திறந்து வைத்துவிட்டு கார்டை முழு வேகத்தில் உழைக்க வைக்கும் ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதை மூடிவிட்டு உடனே ஒரு கேமை இன்னொரு கால் மணி. கார்டு 80 டிகிரி பக்கம் போய் அங்கேயே நின்றால் சரி. ஏறிக்கொண்டே போனாலோ, புள்ளியும் கோடும் வந்தாலோ, ஃபேன் கரகரத்தாலோ கும்பிடு போட்டு வந்துவிடலாம். ஏசியை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பே இல்லை. அரை மணி நேரம் முடியாது, அவசரம் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் பக்கம் மூக்கை வைத்துக் கருகல் வாசனை வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கடையில் வாங்கினால் டெஸ்டிங் வாரண்டி ஒரு மாதமாவது கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன வாரண்டி வாசல் வரைதான். கார்டின் சீரியல் நம்பரையும் அந்த பில்லில் எழுதச் சொல்லி, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போய்த் திரும்பக் கொண்டுபோனால் “இது நாங்க கொடுத்த கார்டே இல்லை” என்று பேச்சு வருவதுண்டு.

கோவையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவதாக இருந்தால், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி ஒரு டவலில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். பெட்டி நிமிர்ந்து நின்றபடி அவிநாசி ரோட்டில் குலுங்கி வந்தால் கார்டின் எடை முழுதும் ஸ்லாட்டில் தொங்கும். கழற்ற பயமாக இருந்தால் பெட்டியைப் படுக்க வைத்து, போர்டு அடியில் இருக்கும்படி கொண்டுவரலாம்.

கடைசியாக உங்கள் ஊர் விஷயம். திருப்பூரிலிருந்து என்னிடம் சர்வீஸுக்கு வரும் சிபியுக்களைத் திறந்தால் உள்ளே தலையணை தைக்கலாம், அவ்வளவு பஞ்சு. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெயில் காலத்தில் மெஷின் தானாக அணைகிறது என்று வருவதில் நிறைய இந்தப் பஞ்சு வேலைதான். வாங்கியதும் ஒரு தடவை பிராசசருக்கும் கார்டுக்கும் பேஸ்ட் மாற்றிவிடுங்கள். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கரண்டை எடுத்துவிட்டு, பிளோயரால் ஊதினால் போதும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்று வேகத்தில் சுற்றினால் பேரிங் போய்விடும். கம்பெனியில் டேபிளுக்கு வைத்திருக்கும் ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், அந்தப் பிரஷருக்குச் சின்ன உதிரிகள் பறந்துவிடும், அந்த லைனில் தண்ணீரும் வரும்.

அடுத்து ஏதாவது மெஷின் கண்ணில் பட்டால், பணம் கொடுப்பதற்கு முன் மூன்று படம் அனுப்பச் சொல்லுங்கள்: பிராசசர் எண் தெரியும் திரை, ஜிபியு-இசட் திரை, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் தலைகீழாக இருந்தாலும் பரவாயில்லை, திருப்பிப் படித்துக்கொள்கிறேன். லைட் எரியும் படம் வேண்டாம்.